எண்ணூர் வழியாகச் சியாங் மாய்

தாய்லாந்தின் வடக்கே இருக்கும் சியாங் மாய்க்குப் போகிறவர்கள் சென்னையில் எங்கள் தண்டையார்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் போவார்கள். அங்கேதான் விமானம் இருக்கிறது. நாங்கள் முதலில் எண்ணூர் போனோம். அது நேர் எதிர்த்திசை. எண்ணூர் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் விமானம் ஏறுவது என்று என் மனைவி விமலா நிபந்தனை போட்டிருந்தாள். ஆகவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி தாய்லாந்து பற்றியதல்ல. மலையும் அருவியும் எதிர்பார்த்து வந்தவர்கள் கடைசிப் பத்திகளுக்குத் தாவிவிடலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வே எழுத்தர். கப்பலில் போய்த் திரும்பி வரும் காலிப் பெட்டிகளைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே கீறியிருக்கிறது, எங்கே துரு என்று படிவத்தில் குறிப்பது என் வேலை. விமலாவுக்கு எண்ணூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பதினேழு வருடமாக அவள் ஸ்கூட்டர் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருவேன். காலையில் என்னை யார்டு வாசலில் இறக்கிவிட்டு அவள் மேலே போவாள். மாலையில் வந்து ஏற்றிக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டத் தெரியாத ஆண், காசிமேட்டில் மீன் சாப்பிடாதவன் மாதிரி. நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். யார்டில் எனக்குப் பெயரே 'பேக் சீட்டு'.

முயன்று பார்க்காமல் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு தோஸ்தின் வண்டியை வாங்கிக் கிளப்பினேன். காசிமேட்டில் ஐஸ் கட்டி இறக்கிக்கொண்டிருந்த மீன்பாடி வண்டியில் போய்த்தான் அது நின்றது. எனக்கு அடியில்லை. ஆனால் ஐஸில் விழுந்த இடுப்புக்குக் கீழே கால் மணி நேரம் உணர்ச்சியும் இல்லை.

பின்சீட்டு என்றால் சும்மா உட்காருவது என்று நினைக்காதீர்கள். எனக்கு அங்கே இரண்டு கடமைகள் இருந்தன. ஒன்று, வண்டி திரும்பும்போது கையை நீட்டுவது. டிரெய்லர் லாரிக்காரர் உட்காரும் உயரத்துக்கு, எலுமிச்சம்பழம் அளவுள்ள நம் இண்டிகேட்டர் தெரியாது. கை தெரியும். விமலா "ரைட்டு" என்றுகூடச் சொல்ல வேண்டாம். அவள் தோள் லேசாகச் சாய்ந்தாலே என் வலது கை தானாக வெளியே போய்விடும். இரண்டாவது கடமை, மாலையில் தூங்குவது. யார்டில் வெயிலில் சுற்றிவிட்டு ஏறினால் திருவொற்றியூர் வருவதற்குள் என் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் போய் 'டொக்' என்று முட்டும்.

"இன்னாய்யா, தூங்கினியா?"

"இல்லம்மா. யோசிச்சிகினு இருந்தேன்."

காலையில் முப்பத்தைந்து நிமிடம் ஆகும் அதே வழி மாலையில் ஐம்பது நிமிடம் ஆகும். என் பிழைப்பான கன்டெய்னர் லாரிகள்தான் காரணம் என்று பதினேழு வருடமும் நினைத்திருந்தேன்.

அப்படி ஒரு மாலையில், எர்ணாவூரில் முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, நடுவில் நாங்கள் என்று நின்றுகொண்டிருந்தபோது விமலா சொன்னாள்: "கன்டெய்னரு ஒண்ணுகூட இல்லாத ரோட்ல ஒரு நாளாச்சும் ஓட்டிப் பாக்கணும்யா." முன்னால் நின்ற பெட்டியை அன்று காலையில் நான்தான் சர்வே செய்து அனுப்பியிருந்தேன்.

போனில் தேடித் தேடி அவளே கண்டுபிடித்ததுதான் சியாங் மாயிலிருந்து மலைக்கு ஏறும் ரோடு. அங்கேயே பைக் வாடகைக்கு எடுத்து அவள் ஓட்ட, நான் வழக்கம்போல் பின்னால் உட்கார்ந்து யோசிப்பதாகத் திட்டம். "அடுத்த வருஷம் போலாம்" என்று பதினொரு வருடம் தள்ளினோம். இந்த முறை டிசம்பர் இரண்டாவது வாரத்துக்கு டிக்கெட்டே போட்டுவிட்டாள்.

செப்டம்பர் கடைசி வெள்ளி, காலை 6.30. சமையலறை ஈரத்தில் விமலா வழுக்கி விழுந்தாள். கையில் இட்லி மாவுப் பாத்திரம். பாத்திரத்தைக் காப்பாற்றினாள், வலது மணிக்கட்டைக் காப்பாற்றவில்லை. உள்ளே பிளேட் வைத்து, பொங்கல் தாண்டும்வரை ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். பின்னால் உட்கார்ந்து போகலாமா என்று கேட்டேன். "அது ஓட்டறவரப் பொறுத்தது" என்றார்.

வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "வுடு, அடுத்த வருஷம் போலாம்" என்றாள். அந்த வாக்கியத்தின் வயது எனக்குத் தெரியும்.

"நான் ஓட்றேன்" என்றேன்.

"இன்னாத்த?"

"வண்டிய."

ஆட்டோக்காரர் திரும்பி என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார். விமலா சிரித்தாள். சிரித்ததில் கட்டுப் போட்ட கை ஆடி வலித்து அழுதாள். இரண்டுக்கும் நானே காரணம்.

சியாங் மாயில் நாங்கள் தங்கவிருந்த விடுதிக்கார அம்மாளுக்குச் செய்தி அனுப்பி, கியர் இல்லாத ஸ்கூட்டர் போதுமா என்று கேட்டோம். "இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை கிலோ?" என்று பதில் வந்தது. சொன்னோம். "கியர் பைக் எடுங்கள்" என்று வந்தது. கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு, காலை 5.40. பழகுவதற்கான எல்.எல்.ஆர். கையில் இருந்தது. விம்கோ நகரில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய தொழிற்சாலையின் மதில் ஓரமாக நீளமான ரோடு ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அங்கே நாய்களும் நடைப்பயிற்சிக்காரர்களும் மட்டும்தான். எங்கள் தெருமுனை மெக்கானிக் கஜா தன்னுடைய நூறு சிசி வண்டியைக் கொண்டுவந்திருந்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். மூன்று பேர் செய்யும் வேலையை ஒருவனாகச் செய்வான், மூன்று பேர் பேசும் பேச்சையும் பேசுவான். விமலா கழுத்துப் பட்டையில் தொங்கும் கையோடு மதிலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கிரிக்கெட் பார்க்க வந்தவள் மாதிரி பிளாஸ்கில் டீயும் வைத்திருந்தாள்.

"மாமு, கிளட்ச்ச ஏன் கோயி கயுத்தப் புடிக்கிற மாதிரி புடிக்கிற? அத்த சொம்மா வுடு, மெல்ல வுடு" என்றான் கஜா.

மெல்ல விட்டேன். வண்டி மெல்லப் போகவில்லை. ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி. மறுபடி. பதினான்காவது தடவை நகர்ந்தது. நகர்ந்ததும் இரண்டு கால்களையும் தரையில் வைத்துத் துடுப்புப் போட ஆரம்பித்தேன்.

"கால மேல வை மாமு. படகா ஓட்ற நீ?"

நான்கு ஞாயிறு இப்படிப் போனது. முதல் நாள் மட்டும் மூன்று முறை விழுந்தேன். அன்று மாலை யார்டு படிவம் ஒன்றை எடுத்து என்னையே சர்வே செய்தேன். இடது முழங்கால்: கீறல், எட்டு சென்டிமீட்டர். வலது முழங்கை: நசுங்கல். துரு: ஆரம்பத்திலிருந்தே. கடல் கடந்து அனுப்பத் தகுதியா: பழுது பார்த்த பிறகு. சாட்சிக் கையெழுத்து போடும் இடத்தில் விமலா இடது கையால் கிறுக்கினாள்.

நவம்பர் முதல் ஞாயிறு, காலை 7 மணி. முதல் தடவையாகத் தண்டையார்பேட்டை ரோட்டுக்குள் வந்தேன். கஜா இன்னொரு வண்டியில் என் பின்னால். விமலா டீக்கடை முனையில் நின்றுகொண்டிருந்தாள். வலது பக்கம் சந்துக்குள் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைத்தேன், இண்டிகேட்டர் போட்டேன், கண்ணாடி பார்த்தேன், எல்லாம் பாடத்தில் சொன்னபடி. பிறகு தோளை லேசாகச் சாய்த்தேன். சாய்த்த உடனே என் வலது கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, பதினேழு வருடப் பழக்கத்தில், ராஜமரியாதையாக வெளியே நீண்டது. ஆக்சிலேட்டர் அநாதையாகி, வண்டி விக்கி, நடு ரோட்டில் சாய்ந்தது. அதன் கீழே நான். கை மட்டும் இன்னும் நீட்டியபடியே இருந்ததாக டீக்கடையில் பிற்பாடு சொன்னார்கள்.

கஜா ஓடிவந்து வண்டியைத் தூக்கினான். "ஏன் மாமு கைய எட்த்த?"

"ரைட்ல திரும்பறேன்னு சொன்னேன்."

"யாராண்ட?"

டீக்கடையே சிரித்தது. விமலாவும் முதலில் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது என் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நானு ரைட்ல திரும்பசொல்ல கண்ணாடியே பாத்ததில்லய்யா. உன் கை இர்ந்துச்சி இல்ல."

அவள் தட்டி முடிக்கும்வரை முழங்கையை நீட்டியபடியே நடந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டுப் போட்டேன். நான் போட்டது எட்டு மாதிரியும் இருந்தது, சரியாகப் பிழியாத ஜாங்கிரி மாதிரியும் இருந்தது. கால் மட்டும் ஊன்றவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டு, "போதும், எறங்குங்க" என்றார். லைசென்சு வந்தது. அதை வைத்து ஆயிரம் ரூபாய் கட்டி, வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச அனுமதிப் புத்தகமும் வாங்கினேன். இரண்டையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு விமலா முன்னால் போய் நின்றேன்.

அவள் அசையவில்லை. "இத்த கவுருமெண்டு குட்த்துச்சி. உன் பின்னாடி குந்தப்போறது கவுருமெண்டா, நானா?"

அப்போதுதான் நிபந்தனை வந்தது. "ராயபுரம் பாலத்தாண்ட நானு ஏறுவேன். எண்ணூர் மொகத்துவாரத்துல எறங்குவேன். சிக்னல்ல நிக்கிறது கணக்குல வராது. மத்தபடி மூணு தபா கால கீய வைக்கலாம். மலைல போய் உன் காலு தரையத் தேடிச்சின்னா ரெண்டு பேரும் பள்ளத்துல கெடப்போம். நாலாவது தபா வச்சியா, ரூம கேன்சல் பண்ணிட்டு வூட்லயே குந்திகினு டிவில மலையப் பாப்போம்."

நியாயமான பெண். பேரம் பேச இடமே வைக்கவில்லை.

நவம்பர் கடைசி சனி, காலை 7.15. ஞாயிறு வைத்திருக்கலாம், லாரி குறைவு. அவள் சனிதான் வைத்தாள். விடியற்காலை மழை பெய்து விட்டிருந்தது. கஜாவின் வண்டிக்குப் பெட்ரோல் நூறு ரூபாய்க்குப் போட்டேன். அவள் கட்டுப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பிடிக்கவில்லை. விழுந்தால் நான் தனியாக விழ வசதியாக.

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இறால் கூடையோடு ஒரு பெண் குறுக்கே வந்தார். நான் நின்றேன், கால் ஊன்றினேன். அவர் என்னைப் பார்த்து, "நான்தான் இன்னும் கீய வுயவே இல்லியே, நீ ஏன் நைனா வுயற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஒண்ணு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திருவொற்றியூரில் மழைத் தண்ணீர் நின்ற பள்ளம். எத்தனை ஆழம் என்று தெரியாமல் தயங்கியதில் வண்டி அணைந்தது. ஷூவுக்குள் தண்ணீர்.

"ரெண்டு."

எர்ணாவூரில் எங்கள் யார்டு வாசல். எப்படியோ செய்தி போயிருந்தது. காலை ஷிப்ட் மொத்தமும் வாசலில் நின்றது. செக்யூரிட்டி விறைப்பாக சல்யூட் அடித்தார். "பேக் சீட்டு ஃப்ரண்ட் சீட்டு ஆயிடுச்சி டோய்" என்று கிரேன் ஓட்டுகிறவர் கத்தினார். பெருமையாகத் தலையாட்டினேன். தலை ஆடியதில் கிளட்ச்சும் ஆடியது. வண்டி அணைந்து, சல்யூட்டுக்கு நேர் முன்னால் கால் தரைக்குப் போனது.

"மூணு" என்றாள் விமலா. அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. என்னை மாதிரியே அவளும் நான் தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

யார்டு தாண்டி இருநூறு மீட்டரில் கன்டெய்னர் லாரிகள் இடது ஓரமாக வரிசை கட்டி நின்றன. அவற்றைத் தாண்ட வேண்டுமென்றால் வலது பக்கம் ஒதுங்கி நடு ரோட்டுக்கு வர வேண்டும். பின்னால் ஒரு நாற்பதடி டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இண்டிகேட்டர் போட்டேன். ஹாரன் நிற்கவில்லை. கை வெளியே போகத் துடித்தது. போனால் விழுவேன் என்று தெரியும். நின்றால் கால் ஊன்ற வேண்டும். நான்கு.

அப்போது பின்சீட்டில் எடை லேசாக நகர்ந்தது. வலது கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கை நீண்டிருந்தது. கட்டுப் பிரித்து இளைத்துப் போன கை, மணிக்கட்டின் உள்பக்கம் புதுத் தழும்பு, விரல்களை விரித்து, லாரி கண்ணாடிக்கு நேராக. டாக்டர் அசைக்கவே யோசிக்கச் சொன்ன கை. பின்னால் ஏர் பிரேக் புஸ்ஸென்றது. டிரெய்லர் நின்றது. நான் வலது பக்கம் வந்தேன். கடந்தேன். கண்ணாடியை அதற்குமேல் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

எண்ணூர். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன, உப்புக் காற்று வந்தது. முகத்துவாரத்துக்கு நூறு மீட்டர் இருக்கும்போது மணல் படிந்த இடத்தில் ஒரு செவலை நாய் எழுந்து, சோம்பல் முறித்து, குறுக்கே நடந்தது. பிரேக் பிடித்தேன். இடது கால் மணலில் இறங்கியது. ஒளிக்க முடியாத கால், பத்தாம் நம்பர் ஷூ.

பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. ஓட்டிக்கொண்டு போய்க் கரையோரம் நிறுத்தினேன். நேரம் 8.20. விமலா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலு" என்றேன். என் வாயைப் பற்றி எனக்கே பல புகார்கள் உண்டு. அதில் இது முக்கியமானது.

"மூணுதான் பாத்தேன்."

"இல்ல விமலா, இப்ப அந்த நாயி வந்தப்ப..."

"யோவ்" என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டே. "ரூம கேன்சல் பண்ணணுமா உனக்கு? போய் ரெண்டு டீ சொல்லு."

டீ பதினைந்து ரூபாய். அதைவிட நல்ல டீயை நான் குடித்ததில்லை. உண்மையில் அது கழுநீர் மாதிரி இருந்தது.

டிசம்பர் இரண்டாவது வாரம், வியாழன். முந்தின நாள் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, பாங்காக்கில் விடிய விடிய நாற்காலியில் காத்திருந்து, சியாங் மாய் வந்து சேர்ந்தோம். விமலா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. பயணத்தால் பாதி, சந்தோஷத்தால் பாதி. விடுதிக்கார அம்மாள் எங்களைக் கண்ணாலேயே எடை போட்டுவிட்டு, நூற்றைம்பது சிசி பைக்கின் சாவியைத் தந்தார். நாளுக்கு நானூறு பாட். எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் விமலா, "பதினேழு வருஷம்" என்று விரல்களால் காட்டினாள். யார் ஓட்டினார்கள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

காலை 9.10. பாய் என்ற மலையூருக்குச் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். அங்கும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர் சமவெளி, பிறகு மே மாலை என்ற ஊரில் இடது பக்கம் திரும்பினால் மலை ரோடு ஆரம்பம். திரும்பும்போது விமலாவின் கை நீண்டது. பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் யாரும் இல்லை. ஆனாலும் நீண்டது. இப்போது அவள் பின்கம்பியைப் பிடிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

ரோடு ஏறியது, வளைந்தது, மறுபடி வளைந்தது. ஒரு பக்கம் மூங்கில், ஒரு பக்கம் தேக்கு. எதிரே எப்போதாவது ஒரு வேன். கன்டெய்னர் ஒன்றுகூட இல்லை. எர்ணாவூரில் புழுதியும் டீசலும் நாறும். இங்கே ஈர மண்ணும் இலையும் மணந்தன. "பாத்தியா? ஒண்ணுகூட இல்ல" என்றேன். "ம்" என்றாள். மூன்றாவது கியரில் அறுபதாவது கிலோமீட்டரைத் தாண்டினேன். கால் தரையைத் தேடவில்லை.

11.25. 'டொக்.'

என் ஹெல்மெட்டின் பின்பக்கம். திரும்பவில்லை. அந்தச் சத்தத்தைப் பதினேழு வருடமாக நான்தான் உண்டாக்கிக்கொண்டிருந்தேன், இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. அவள் தலை என் முதுகில் சரிந்தது. சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

என் கை தானாக ஆக்சிலேட்டரைக் குறைத்தது. நாற்பது, முப்பது, இருபது. வளைவில் உலுக்கிவிடக் கூடாது என்று வண்டியை ஒரு பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி எடுத்துப் போனேன். அப்போதுதான் உறைத்தது. காலையில் முப்பத்தைந்து நிமிடம், மாலையில் ஐம்பது நிமிடம். பதினைந்து நிமிட வித்தியாசம். பாவம், அந்த லாரிக்காரர்களை எத்தனை வருடம் திட்டியிருக்கிறேன்.

வளைவு தாண்டி ரோடு ஓரமாக அகன்ற இடம் வந்தது. ஓசையில்லாமல் ஒதுங்கி, நிறுத்தி, இரண்டு கால்களையும் அழுத்தமாகத் தரையில் ஊன்றினேன். கீழே மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீலத்தில் போய்க்கொண்டிருந்தன. அவள் பார்க்க வேண்டும் என்று பதினொரு வருடம் ஆசைப்பட்ட ரோடு முன்னால் காலியாகக் கிடந்தது. எழுப்பினால் பார்ப்பாள். எழுப்பவில்லை. தொடை நடுங்க ஆரம்பித்தது. அப்படியே நின்றேன்.

கால் மணி நேரம் கழித்து முதுகில் அசைவு. ஹெல்மெட் விலகியது.

"தூங்கினியா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா. யோசிச்சிகினு இருந்தேன்."

அவள் மலையைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. பிறகு குனிந்து, தரையில் பதிந்திருந்த என் பத்தாம் நம்பர் ஷூக்களைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள்.